பதினாலு வருஷத்துப் பரு

குடிநீர் அலுவலகத்தில் புகார் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் முகவாயில் பதினாலு வருஷம் ஒரே பரு இருந்தது. பழுக்கவும் இல்லை, அமுங்கவும் இல்லை. பருவோடு சேர்ந்து முகமும் இருபத்தொன்பது வயதிலேயே நின்றுவிட்டது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சண்டை போட வந்தவர்கள் முதலில் சில வருஷம் இதைக் கவனிக்கவில்லை. பிறகு கவனித்தார்கள். பிறகு பழகிப்போய் மறுபடியும் தண்ணீருக்கே சண்டை போட்டார்கள்.

காரணம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கண்ணாடிக்கடையில் பார்வை சோதித்து நம்பர் எழுதிக் கொடுக்கும் ஒருவர், எல்லோருக்கும் கண்ணாடிக்காரர், ஒரு படம் எடுக்க ஆரம்பித்தார். கதை ஒரே நாளில் நடப்பது. ஒரு பெண் காலையில் எழுகிறாள், வீட்டு வேலை பார்க்கிறாள், வேலைக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கிறாள், சாயங்காலம் அவன் வந்ததும் கதவைத் திறக்கிறாள். அவ்வளவுதான் கதை. சம்பளம் யாருக்கும் கிடையாது, ஆளுக்கு ஒரு டீ உண்டு. எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் படப்பிடிப்பு, ஆறு ஞாயிறு போதும் என்றார். முதல் நாள் பார்த்து அவளுக்கு முகவாயில் ஒரு பரு. காலையில் இருந்த பரு மத்தியானம் காணாமல் போனால் பார்க்கிறவன் சிரிப்பானே என்று கண்ணாடிக்காரர் ஒரு நோட்டில் எழுதி வைத்தார்: இடது வகிடு, நீலச் சட்டை, முகவாயில் பரு, வயது இருபத்தொன்பது. அதற்கப்புறம் நோட்டில் எழுதிய எதுவும் மாறவில்லை. கையைப் பற்றி எழுத மனுஷர் மறந்துவிட்டார். அதனால் கைக்கு மட்டும் ஒழுங்காக வயதாகி, நரம்பு புடைத்து, தோல் சுருங்கியது. கையைக் காட்டாமல் எடுத்தார்கள்.

ஆறு ஞாயிறு பதினாலு வருஷம் ஆனது எப்படி என்று வேலைக்குப் போகிறவர்கள் கேட்க மாட்டார்கள். கேமரா வைத்திருந்தவர் கல்யாண வீடியோக்காரர். கல்யாணமெல்லாம் ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்து தொலைத்தது. படப்பிடிப்புக்கு வீடு கொடுத்தவருக்கு விருந்தாளிகள் வந்தார்கள். அவளுக்கோ திங்கள் முதல் சனி வரை ஜன்னல். எங்காவது பெரிய குழாய் வெடித்தால் ஞாயிறும் டூட்டி. அதிலிருந்து தப்பிக்க அவள் அலுவலகத்தில் சொல்லாத பொய் இல்லை. பெரும்பாலும் பல் பிடுங்கப் போவதாகச் சொல்வாள். அவள் கொடுத்த லீவு லெட்டர்களை நம்பினால் அவள் வாயில் ஒரு பல்கூட மிஞ்சியிருக்கக் கூடாது.

அவள் கணவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். சனிக்கிழமை சாயங்காலம் நீலச் சட்டையைத் துவைத்து உலர்த்தி இஸ்திரி போடுவது அவர்தான். படத்தில் அவள் கணவனுக்காகக் காத்திருந்த ஞாயிறுகளில் எல்லாம் வீட்டில் அவர் அவளுக்காகக் காத்திருந்தார். குழந்தையைப் படம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டார்கள். அப்புறம் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். "இந்தப் பருதான் நம்ம மூத்த பிள்ளை" என்று அவர் கிண்டல் செய்வார். அவள் சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து வைத்திருப்பாள். அவருக்கு முடி நரைத்து, முன்நெற்றி ஏறியது. கடைவீதியில் புதிதாகக் கடை திறந்த ஒருவன் "உங்க பொண்ணா சார்?" என்று கேட்டபோது அவர் மறுக்கவில்லை. விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் கடை மூடிவிடுவான் என்றார்.

பன்னிரண்டாவது வருஷம் அவர் கண்ணாடி மாற்றப் போனார். கண்ணாடிக்காரர் லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு, "டாக்டரைப் பாருங்கண்ணே" என்றார். கண்ணுக்குப் போகும் நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, ஒரு வருஷம், மிஞ்சினால் ஒன்றரை என்றார் டாக்டர். அவள் கணவர் அழவில்லை. நேராகக் கண்ணாடிக்கடைக்கு வந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "படத்தை எப்ப முடிப்பீங்க? நான் பாத்துடணும்."

மிச்சம் இருந்தது கதவு திறக்கும் ஷாட் மட்டும். நாலு பத்துக்கு வெயில் அந்தக் கதவு வழியாக நேராக உள்ளே விழ வேண்டும்; வருஷத்தில் மூன்று ஞாயிறுதான் அப்படி விழும். கணவனாக நடிக்க வேண்டியவர் வேலை மாற்றலாகிப் போயிருந்தார். "நீங்களே வந்து நில்லுங்கண்ணே, முதுகுதான் தெரியும்" என்றார் கண்ணாடிக்காரர். பதிமூன்றாவது வருஷம் அந்த மூன்றில் முதல் இரண்டு ஞாயிறும் மேகம். மூன்றாவது ஞாயிறு வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அன்று காலையில் மேசை மேல் இருந்த நீலச் சட்டையை எடுக்கும்போது அவள் தன் கையைப் பார்த்தாள். இன்றோடு நோட்டு முடிகிறது, கைக்கு வந்ததெல்லாம் முகத்துக்கு மொத்தமாக வரும் என்று புரிந்தது. குழாய் வெடித்துவிட்டது, கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். எந்தக் குழாயும் வெடிக்கவில்லை. பதிமூன்று வருஷமாகப் படத்துக்காக அலுவலகத்தில் பொய் சொன்னவள், அன்றைக்கு அலுவலகத்தைச் சொல்லிப் படத்துக்குப் பொய் சொன்னாள். பூட்டியிருந்த அலுவலகத்தின் படியில் அஞ்சு மணி வரை உட்கார்ந்திருந்தாள். படப்பிடிப்பு வீட்டில் அவர், எதற்கும் இருக்கட்டும், அவள் சீக்கிரம் வந்துவிட்டாலும் வந்துவிடுவாள் என்று, வெயில் போகிற வரை கதவுக்கு வெளியே நின்றார். அவள் வீடு திரும்பியதும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"தண்ணி வந்துடுச்சா?"

"வந்துடுச்சுங்க."

அடுத்த வருஷம் அந்த மூன்று ஞாயிறு வருவதற்குள் அவருக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சியது. டிப்போவில் அவரை மைக்கில் பஸ் நேரம் சொல்லும் வேலைக்கு மாற்றினார்கள். படப்பிடிப்புக்குப் போகிற பஸ்ஸில் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "போன வருஷம் குழாய் வெடிக்கலைங்க" என்றாள்.

"தெரியும்மா. அன்னைக்கு நம்ம வீட்ல தண்ணி நல்லாத்தான் வந்துச்சு."

"பயமா இருந்துச்சு" என்றாள். இறங்குகிற இடம் வரைக்கும் அவள் கையை அவர் விடவில்லை.

நாலு பத்துக்கு அவர் தட்டினார். அவள் கதவைத் திறந்தாள். கதவு முழுசாகத் திறப்பதற்குள் பதினாலு வருஷமும் வந்து சேர்ந்தது: முதலில் வகிட்டில் நரை, அப்புறம் கண்ணோரம், அப்புறம் கன்னம். வீடியோக்காரர் கேமராவை நிறுத்தவில்லை. கண்ணாடிக்காரர் நோட்டை மூடினார். கதையில் இல்லாத ஒன்றை அவள் கணவர் செய்தார்; கையை நீட்டித் தடவி, அவள் முகவாயில் விரலை வைத்துத் தேடினார்.

"பரு எங்க?"

"போயிடுச்சுங்க."

திங்கட்கிழமை அவள் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அடையாள அட்டைக்குப் புதுப் போட்டோ கொடுக்கச் சொன்னார் மேலதிகாரி, கொடுத்தாள். மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை என்று வந்தவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். படத்தை ஒரு நூலகத்தின் கீழ்த்தளத்தில் முப்பத்தெட்டுப் பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். கதவைத் திறக்கப் போனவள் இளையவளாகவும் திறந்தவள் மூத்தவளாகவும் இருந்ததை யாரும் கேட்கவில்லை. காத்திருந்தால் அப்படித்தானே ஆகும் என்று எடுத்துக்கொண்டார்கள். முதல் வரிசையில் அவர் காதோரம் குனிந்து, திரையில் வருவதை அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இப்ப கதவைத் திறக்கறேன்."

"எப்படி இருக்கே?"

"உங்க வயசுதாங்க."

"அப்ப சரி" என்றார்.