எல்லாம் ஒண்ணுபோல

காலையில் புதிய பதிப்பை வெளியிட்ட கையோடு ஷெமி ஒரு கட்டன் சாயா போட்டுக் குடித்தாள். எண்களைக் கொடுத்தால் வரைபடமாக வரைந்து தரும் மென்பொருள் லைப்ரரி அது. நாலு வருடமாக அவளும் அமரவிளை லிஷாவும் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். கோட்டுப்படத்தைத் தலைகீழாக்க 'ஃப்ளிப்' என்று எழுத வேண்டும், மற்ற எல்லாப் படங்களுக்கும் 'இன்வெர்ட்'. அந்தக் கோணல் அவள் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று முதல் எங்கும் 'இன்வெர்ட்'தான். வீட்டைப் பெருக்கித் துடைத்த திருப்தி அவளுக்கு.

லிஷா நேற்றே ஃபோனில் எச்சரித்தாள். "பழைய பேரையும் ஒரு வருஷம் விட்டு வை மக்கா. ஆராவது எழுதி வச்சிருப்பாவ."

"ஒரு காரியத்துக்கு ரெண்டு பேரு எதுக்குடி? எல்லாம் ஒண்ணுபோல இருக்கட்டு."

ஒழுங்கு என்றால் ஷெமிக்குப் பைத்தியம். ஆனால் தனக்குத் தெரியாத சொல் வந்தால், பிழை என்று சொல்லாமல் மூச்சுக்காட்டாமல் தள்ளிவிடும் லைப்ரரியின் குணத்தை மட்டும் அவள் திருத்தவே இல்லை.

மூன்று மணிக்கு அவள் கணவன் அனில் கூப்பிட்டான். பூவாரில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவன். அவள் இருக்கும் குன்னத்துகாலில் விடியலில் பிடித்த மழை இன்னும் விடவில்லை.

"எடி, ஆறு பேரு உண்டு. ஆறு கடல்ல சேருத பொழி வரைக்கும் ஒரு டிரிப் போயிட்டு வாறேன்."

"இந்த மழையிலயா? ஆத்துல வெள்ளம் ஏறாதா?"

"எறங்குது. உனக்க படத்துல பாத்துட்டாக்கும் சொல்லுதேன். காலையிலருந்து கீழதான் போவுது."

பின்னால் ஏதோ ஒரு குழந்தை சிரித்தது. இணைப்பு அறுந்தது.

படகுக்காரர்களுக்காகப் போன மழைக்காலத்தில் அவள் செய்து கொடுத்த இணையப் பக்கம் அது. ஆற்றின் மேல்பக்கத்துப் பாலத்தடியில் ஒரு கருவி, தண்ணீர் எவ்வளவு கீழே கிடக்கிறது என்று அளக்கும். நீர் ஏற ஏற எண் குறையும். அதனால்தான் கோட்டைத் தலைகீழாக வரையச் சொல்லியிருந்தாள். அங்கே ஏறுவது அரை மணி நேரத்தில் பூவாருக்கு வந்துவிடும். புதிய பதிப்பு வந்தால் அந்தப் பக்கம் தானாகவே எடுத்துக்கொள்ளும்.

அதில் எந்தப் பெயரை எழுதினாள்?

திறந்து பார்த்தாள். 'ஃப்ளிப்'. புதிய பதிப்பு அந்தச் சொல்லைத் தள்ளிவிட்டு, நீர் ஏற ஏறக் கோட்டை இறக்கி வரைந்திருக்கிறது.

அனில் எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. படகுத்துறையில் கடை வைத்திருக்கும் நேசமணியைப் பிடித்தாள்.

"இப்பதான் விட்டான் மோளே. பொழிப் பக்கம் போயாச்சு."

"கூப்பிட்டு நிறுத்துங்க மாமா! வெள்ளம் ஏறுது!"

"படத்துல எறங்குதுண்ணுல்லா காட்டுது?" அவர் குரலில் சந்தேகமே இல்லை.

"அது தப்பு மாமா! நான் செய்த தப்பு! வேற படகை அவருக்கப் பின்னால விடுங்க!"

அந்த ஒரு சொல்லை மாற்றினாள். பக்கம் ஒரு கணம் வெறுமையாகி மீண்டும் வந்தது. காலை முதல் சரிந்துகொண்டிருந்த கோடு புரண்டு எழுந்து, செங்குத்தாக ஏறி, மேல் விளிம்பில் முட்டி நின்றது.