ஆறு மாச அடைப்பு

எந்தப் பக்கத் தகரத்தை வெட்டுவது என்று வெளியே பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அமராவதி, புருஷன் செத்துக் கிடந்த கட்டிலுக்குக் கீழே மண்டியிட்டு, நான்கு பேட்டரிகளிலிருந்தும் கடைகளுக்குப் போகும் வயர்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ராஜவேலின் கால் கட்டைவிரல்கள் வெள்ளைத் துணியில் கட்டப்பட்டு, அவள் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. நிமிரும்போது இடித்துவிட்டது. "தள்ளிப் படு" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"பின்பக்கம் வெட்டலாம், அதான் மெல்லிசா இருக்கு" என்றது ஒரு குரல்.

மெல்லிசாம். மூன்று மாதம் பட்டறையில் கூடவே நின்று, தகரம் தகரமாகத் தட்டிப் பார்த்து வாங்கிய வண்டி. சொன்னவன் யார் என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். முகம் தெரியாத எவனோ.

ராஜவேல் விடிகாலையில் போனார். அன்றைக்கு ரேவதி நட்சத்திரம். ரேவதியில் செத்தால் ஆறு மாசம் அடைப்பு. பிணத்தை வாசல் வழியாக எடுக்கக் கூடாது, சுவரை இடித்துத்தான் எடுக்க வேண்டும். உயிர் போன இடத்தை ஆறு மாதம் பூட்டிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே குடும்பத்தில் இன்னொரு உயிர் போகும் என்பார்கள். சுவர் உள்ளவர்கள் சுவரை இடிப்பார்கள். ராஜவேல் செத்தது ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப் போகும் டிரெய்லரில். அதனால் தகரம்.

அந்த டிரெய்லர்தான் அவர்களுக்கு வீடும் தொழிலும். இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு மின்விசிறி, கட்டிலுக்குக் கீழே நாலு பேட்டரியும் ஒரு இன்வெர்ட்டரும். திருவிழா நடக்கும் ஊர்களுக்குப் போய் நிறுத்தி, கரண்ட் போகும் நேரத்தில் வளையல் கடைக்கும் பொரிக் கடைக்கும் வயர் இழுத்து விளக்குப் போட்டுக் கொடுப்பார்கள். கடலூர் முதுநகரில் ஒரு சொந்த வீடும் இருந்தது. நாலு நாளைக்கு முன்பு அடித்த புயலில் அதன் கூரை பறந்துவிட்டது. "கூரையப் பாத்துகிட்டு ஒக்காந்திருந்தா கடைக்காரங்க இருட்டுல ஒக்காந்திருப்பாங்க" என்று சிதம்பரம் திருவாதிரைத் திருவிழாவுக்கு வண்டியைக் கிளப்பச் சொன்னவர் ராஜவேல்தான். கடலூர் ஈரத்தை விட்டால் போதும், அவர் நெஞ்சுக்கு நல்லது என்று அவளும் நினைத்தாள்.

நெஞ்சைக் கெடுத்தவை பழைய பேட்டரிகள். அவற்றோடு ஒரே அறையில் படுத்து, ஆசிட் வாடையை மூச்சாக இழுத்து, ராத்திரியெல்லாம் இருமுவார். மூடியே இல்லாத சீல் பேட்டரி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, அதைத்தான் போட வேண்டும் என்று அமராவதி ஒற்றைக் காலில் நின்றாள். "தண்ணி ஊத்த வேணாம், மூடியத் தொறக்க வேணாம்னா அப்புறம் எனக்கு என்னாடி வேலை?" என்று முறைத்துக்கொண்டார். ஆனாலும் அதைப் போட்ட பிறகு, காலையில் எழுந்ததும் குனிந்து, விரலை மடக்கி நாலையும் தட்டிப் பார்ப்பார். தட்டினால் ஒன்றும் தெரியாது என்று அவருக்கும் தெரியும்.

வாசலில் நிழல் விழுந்தது. ராஜவேலின் அண்ணன் தட்சிணாமூர்த்தி. கையில் பஞ்சாங்கத்தைச் சுருட்டிப் பிடித்திருந்தார். படியில் கால் வைக்கவில்லை.

"அமராவதி, எறங்கி வா. ஒண்ணையும் தொடாத. உள்ள இருக்கிறது இருக்கிற மாதிரியே இருக்கணும்."

"பேட்டரிய எடுத்துக்கறேன் மாமா."

"ஊசி கூட எடுக்கக் கூடாதும்மா. தகரத்த வெட்டி அவன எடுத்துட்டு, வெட்டுன எடத்த அடச்சிப் பூட்டிடலாம். வண்டி இங்கியே நிக்கட்டும். நீ நம்ம வூட்டுல வந்து இரு. ஆறு மாசம்தான?"

"ஆறு மாசம் சார்ஜ் ஏத்தாம கெடந்தா இது செத்துடும். பழசுன்னா தொறந்து ஏதாச்சும் பண்ணிப் பாக்கலாம். இது சீலு. போனா போனதுதான்."

"மனுசனே போயிட்டானாம், பேட்டரியப் பேசுது பாரு" என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள்.

அமராவதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போன மனுசனுக்கு விடிய விடிய முதுகு நீவிவிட்டவள் அவள். இவர்கள் பத்து மணிக்குக் கடலூரிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள்.

தட்சிணாமூர்த்தி குரலைத் தாழ்த்தினார். "மாலதி வூட்டுல இருக்கா. எட்டு மாசம். எனக்குப் பயமா இருக்கும்மா."

மாலதி அவர் மகள். தலைப்பிரசவத்துக்குக் கடலூர் வந்திருந்தாள். பிள்ளையில்லாத அமராவதியின் மடியில் வளர்ந்தவள். பள்ளிக்கூடம் விட்டால் நேராகச் சித்தி வீட்டுக்குத்தான் ஓடி வருவாள். அவள் பேரைச் சொன்னதும் அமராவதியின் கை நின்றுவிட்டது. அவளுக்கு மட்டும் பயமில்லையா என்ன? ரேவதி என்று காதில் விழுந்த நிமிஷத்திலிருந்து மாலதி முகம்தான் கண் முன்னால் நின்றது.

ஆனால் அவளுக்கு இன்னொன்றும் தெரிந்தது. தட்சிணாமூர்த்தி வீட்டில் சமையல்கட்டை ஒட்டி ஒரு மூலை உண்டு. அங்கே ஒரு பாய் போடுவார்கள். நல்ல மனிதர், சோறு போடுவார். ஆறு மாதம் கழித்து இதைத் திறக்கும்போது உள்ளே துருப்பிடித்த தகரமும் செத்த பேட்டரியும் இருக்கும். அவள் அந்த மூலையிலேயே இருப்பாள், சாகிற வரைக்கும்.

கீழே இறங்கினாள். ஜீப்பையும் டிரெய்லரையும் இணைக்கும் கொக்கியை ஆட்டிப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது. வளையல் கடை விருத்தாம்பாள் எதையும் கேட்காமல் எல்லாக் கடை வயர்களையும் சுருட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அவர கடலூருக்குத்தான மாமா கொண்டுபோவணும்? நான் கொண்டுபோறேன். வெட்டுறவங்க அங்க வந்து வெட்டட்டும்."

"பொணத்த வச்சிகிட்டு பொம்பள வண்டி ஓட்டுறதா? ஊரு சிரிக்கும்."

"ரெண்டு வருசமா நான்தான் ஓட்டுறேன். அப்ப சிரிக்காத ஊரு இப்ப ஏன் சிரிக்கிது?"

விருத்தாம்பாள் கடையை அப்படியே போட்டுவிட்டு டிரெய்லரில் ஏறி, ராஜவேல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "அண்ணன நான் புடிச்சிக்கிறேன். நீ பாத்துப் போ அக்கா" என்றாள்.

வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் சாலை முழுக்கப் புயல்தான் கிடந்தது. பனைமரங்கள் பாதி ரோட்டை அடைத்திருந்தன. மின்கம்பங்கள் வயலுக்குள் படுத்திருந்தன. ஜீப் ஓடினால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும். பழக்கதோஷத்தில் அவள் கண் சார்ஜ் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே வந்தது. முள் நன்றாகத்தான் நின்றது. அவர் போன பிறகும் அது நன்றாக நிற்பதே அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"ஏன்யா, ஒனக்கு ரேவதிதான் கெடச்சிதா?" என்று முன்கண்ணாடியைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள். "நாளைக்கி அஸ்வினி. ஒரு அடைப்பும் இல்ல. ஒரு நாள் பொறுத்துக்கத் தெரியல. என்னைக்குத்தான் நான் சொல்லிக் கேட்டிருக்கிற?"

புதுச்சத்திரம் தாண்டி அழுதாள். ஒரு கை கண்ணுக்கு, ஒரு கை ஸ்டீரிங்குக்கு. எதிரே வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவளும் விடாமல் திருப்பி அடித்தாள்.

முதுநகர் வந்து சேரும்போது தட்சிணாமூர்த்தியின் வேன் முந்திக்கொண்டு வந்து நின்றிருந்தது. கூரையில்லாத வீட்டின் முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு வெல்டிங்காரர், தகரம் வெட்டும் மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார்.

"பிளக் எங்க சார்?"

புயலுக்குப் பிறகு அந்தத் தெருவில் கரண்ட் இல்லை. அந்தத் தெருவில் என்ன, ஊரிலேயே இல்லை. எல்லார் கண்ணும் மெதுவாக டிரெய்லர் பக்கம் திரும்பியது.

அமராவதி டிரெய்லர் வாசலில் போய் நின்றாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என் பேட்டரிலியே மிஷின மாட்டி என் வூட்ட வெட்டப் போறீங்களா? ஒரு சொட்டு கரண்ட் குடுக்க மாட்டேன். முடிஞ்சா கையால கிழிங்க."

வெல்டிங்காரர் தகரத்தைத் தட்டிப் பார்த்தார். "உள்ள இரும்பு ஆங்கிளு அடிச்சிருக்கு சார். உளிய வச்சி வெட்டுனா பொழுது சாஞ்சிடும்."

பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். தட்சிணாமூர்த்தி தம்பியின் முகத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார். ராஜவேலைக் கதவு வழியாகவே எடுத்தார்கள். படியில் இறக்கும்போது கால் பக்கம் லேசாகச் சாய்ந்தது. அமராவதி ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள். அவ்வளவு இருமிய உடம்பு கனமே இல்லாமல் இருந்தது. அப்போதுதான் அவள் வாய்விட்டு, தெருவே கேட்கும்படி கத்தினாள்.

சுடுகாட்டிலிருந்து ஈரத் தலையோடு திரும்பிய தட்சிணாமூர்த்தி நேரே அவளிடம் வந்தார். உள்ளங்கையில் ஒரு பூட்டு இருந்தது.

"வெட்டல, சரி. கதவையாச்சும் பூட்டு. ஒன் கால்ல வுழறேன்."

"மாலதிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என் தலையில போடுங்க மாமா. ஆயுசுக்கும் செமக்கிறேன். இந்தத் தெருவுல எல்லாரும் காறித் துப்புங்க, தொடச்சிக்கிறேன். பூட்ட மாட்டேன்."

அவர் பூட்டை மடியில் செருகிக்கொண்டு நகர்ந்தார். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். போகும்போது டிரெய்லரை விட்டு எட்டிப் போனார்கள். விருத்தாம்பாள் மட்டும் கொல்லைப்பக்கம் போய் அடுப்பை மூட்டினாள்.

இருட்டிக்கொண்டு வந்தது. தெருவில் வேறு எந்த வீட்டிலும் வெளிச்சம் இல்லை. அமராவதி விளக்கைப் போட்டாள். துணி உதறிப் போட்ட கட்டில் வெறுமனே கிடந்தது. சவால் விட்டதெல்லாம் வெளியேதான். உள்ளே வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. மாலதிக்கு ஒன்றும் ஆகக் கூடாது, ஒன்றும் ஆகக் கூடாது என்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உதடு அசையச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சித்தி."

மாலதி படியடியில் நின்றாள். ஒரு கை வயிற்றில், ஒரு கையில் தலையணை.

"இங்க வராதடி! போ, போயிடு. ஒங்கப்பா பாத்தா..."

"ஃபேன் ஓடுதா?"

"என்னாது?"

"நாலு நாளா கொசு பிச்சித் தின்னுது சித்தி. இவன் வேற உள்ள ஒதைக்கிறான். நான் தூங்கணும்."

"மாலதி, சொல்றதக் கேளு. இன்னைக்கி ரேவதி."

"சித்தப்பா என்னை என்னா பண்ணப்போறாரு? எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுத்த மனுசன். கையக் குடு, படி ஒசரமா இருக்கு."

அமராவதி கையைக் கொடுக்கவில்லை. மாலதி கதவுச் சட்டத்தைப் பிடித்து, மூச்சு வாங்கி, தானே ஏறினாள். தலையணையைக் கட்டிலில் போட்டு, சித்தப்பா படுத்திருந்த இடத்தில் ஒருக்களித்துப் படுத்தாள். கண்ணோரம் வழிந்ததைத் தலையணையில் தேய்த்துக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். அமராவதி விசிறியைச் சற்றுக் கீழே திருப்பிவிட்டாள்.

டார்ச் வெளிச்சம் தெருவில் இங்கும் அங்கும் அலைந்து, டிரெய்லர் முன்னால் வந்து நின்றது. தட்சிணாமூர்த்தி. உள்ளே பார்த்தவர் மகள் பேரைச் சொல்ல வாயைத் திறந்தார். அமராவதி எழுந்திருக்கவில்லை. அவரை நேராகப் பார்த்து, ஒரு விரலை உதட்டில் வைத்தாள்.

அவர் டார்ச்சை அணைத்தார். மாலதியின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடல் பக்கமிருந்து ஒரு காற்று வீசி, கதவு மெல்ல நகர்ந்து சாத்திக்கொள்ளப் போனது. அவர் சட்டென்று கையை நீட்டிக் கதவைப் பிடித்தார். குனிந்து, புயலில் சரிந்த சுவரின் செங்கல் ஒன்றை எடுத்து, கதவைத் திறந்தபடியே வைத்து முட்டுக் கொடுத்தார். காலால் ஒரு முறை தள்ளிப் பார்த்தார். செங்கல் அசையவில்லை.