இருபதில் ஒன்று

நெற்றியில் வைக்க ஒரு ரூபாய்க் காசு வேண்டுமென்று ஞானசுந்தரி அத்தை கையை நீட்டினாள். விமல் சட்டைப் பைக்குள் விரல் விட்டு, அகப்பட்டதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். அவன் பார்க்கவில்லை. அத்தை பார்த்தாள்.

"என்னடா சாமி இது? பாசிமணியா?"

நீலப் பிளாஸ்டிக்கில் இருபது பக்கமுள்ள பகடை. பக்கத்துக்கு ஓர் எண்.

"குடுங்கத்த," என்று வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான். வேறு யாரோ காசு கொடுத்தார்கள். அத்தை சந்தனத்தைக் குழைத்து, அவன் மனைவி கலைமதியின் நெற்றியில் காசை ஒட்டினாள். முகம் முழுக்க மஞ்சள். அவள் மஞ்சள் பூசி அவன் பார்த்தது கல்யாணத்தன்றுதான். மறுநாளே அரிக்கிறது என்று கழுவிவிட்டாள்.

"பொறந்த ஊட்டுக் கோடி வந்தா எடுத்துரலாம். கமலேஷ் எங்க வர்றான்?"

"தேவாலாகிட்ட மரம் உளுந்து கெடக்காம். வெட்டிட்டு இருக்காங்களாம்," என்று வாசலிலிருந்து யாரோ சொன்னார்கள்.

கமலேஷ் கலைமதியின் தம்பி. சேலை எடுக்கக் கூடலூர் போயிருந்தான். பிறந்த வீட்டுச் சேலையைப் போர்த்தாமல் எடுக்க முடியாது. மழை விட்டபாடில்லை.

விமல் உள்ளறைக்குப் போனான். கட்டில் ஓரத்தில் மாமனார் பொன்னுத்துரை ஈர மப்ளரை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடம் எஸ்டேட்டில் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டியவர். ஆம்புலன்ஸில் கோயம்புத்தூரிலிருந்து வரும் வழியெல்லாம் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

"அங்க எடுத்தீங்களே, அந்த நீலக் கட்ட புள்ளயோடதுதானே? ஆஸ்பத்திரில பாத்தன்."

"ஆமாங்க மாமா."

ஆப்பரேஷன் அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலின் மேல் ஆட்ட அட்டையை விரித்து அவனும் கலைமதியும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அறுகோணக் கட்டங்கள், இரண்டு மலை, ஒரு ஆறு, ஒரு பாலம். அவனுடைய படை தேயிலை விதைகள். அவளுடையது காப்பிக்கொட்டை. பாலத்தைப் பிடிக்க மும்மடங்கு காப்பிக்கொட்டையைக் கொண்டுவந்து நிறுத்தி, பகடையைக் கையில் எடுத்த நேரத்தில் நர்ஸ் வந்து தியேட்டருக்குக் கூப்பிட்டாள். கலைமதி பகடையை அவன் பைக்குள் போட்டாள்.

"நான் வந்து போடறேன். நீ போட்டுறாத படைத்தலைவரே."

"போட்டுப் பாத்தீங்களா?" என்று பொன்னுத்துரை கேட்டார்.

"இல்ல மாமா. அவ முறை."

அந்த ஆட்டத்தை இரண்டு மழைக்காலமாக இருவரும் சேர்ந்து செய்தார்கள். அவன் முதலில் பகடையே வேண்டாமென்றான். ஆள் அதிகமுள்ள படை ஜெயிக்கும், மேட்டில் நிற்பவனுக்கு இரண்டு கூடுதல், அவ்வளவுதான். அவள் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு, "இதுக்கு ஆரம்பத்துலயே எண்ணிப் பாத்துட்டுத் தூங்கப் போயிரலாம்" என்றாள். சரியென்று தாயக்கட்டையைப் போட்டுப் பார்த்தார்கள். ஒற்றைக் காப்பிக்கொட்டை பத்துத் தேயிலை விதையை அடித்தது. இதை எவன் நம்புவான் என்று அவன் கத்தினான். பிறகுதான் இருபது பக்கப் பகடை வந்தது. ஆள் எண்ணிக்கை, மேடு, பனி எல்லாவற்றுக்கும் கூட்டிக் கழித்து, எந்த எண்ணுக்கு என்ன நடக்கும் என்று நோட்டில் அட்டவணை எழுதினாள். மும்மடங்கு ஆள் இருந்தால் இரண்டிலிருந்து இருபது வரை எது விழுந்தாலும் வெற்றி. ஒன்று விழுந்தால் மட்டும் தோல்வி.

"மூணு மடங்கு ஆளு நிக்குது. எப்படிடி தோக்கும்?"

"பனி எறங்கும். பாலம் ஒடையும். யானை வரும்."

"யானைக்குத் தனியா ரூல் போடறேன்."

"எல்லாத்துக்கும் ரூல் போடு. போட்ட பொறவும் ஒண்ணு மிச்சம் இருக்கும். அதுதான் அந்த ஒண்ணு."

அவள் அம்மா வீட்டுக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, நோட்டில் ஒன்றுக்கு அவள் எழுதியிருந்த வரியை ஒயிட்னர் பூசி அழித்துவிட்டான். வந்து பார்த்தவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "எழுதினத முழுசாப் படிச்சியா?" என்று மட்டும் கேட்டாள். அவன் படித்திருக்கவில்லை.

"மாப்ள," என்றார் பொன்னுத்துரை. "நான் ஆறு மாசம் மருந்து குடுத்துப் பாப்பம்னு சொன்னன். நீங்க சொன்னீங்க, இருபது பேருக்கு அந்த ஆப்பரேசன் பண்ணா பத்தொம்பது பேரு நடந்து ஊட்டுக்குப் போறாங்கன்னு."

"ஆமாங்க மாமா."

"டாக்டரு சொன்னது எனக்கு வெளங்கல. நீங்க சொன்னதுதான் வெளங்குச்சு. கையெழுத்துப் போடுங்கன்னுட்டன்." மப்ளரைப் பிழிந்தார். அதில் இனிப் பிழியத் தண்ணீர் இல்லை. "அந்த இன்னொரு ஆளப் பத்தி நாம பேசவே இல்லயே மாப்ள."

வெளியே யாரோ பெஞ்சை நகர்த்தினார்கள். விமல் எழுந்து பீரோ மேலிருந்த நோட்டை எடுத்தான். அட்டவணைப் பக்கத்தைத் திறந்து அவர் மடியில் வைத்து, வெள்ளையாகக் கிடந்த இடத்தில் விரலை வைத்தான்.

"இங்க ஒரு வரி இருந்துச்சு. அவதான் எழுதினா. நான் அழிச்சிட்டேன்."

"ஏன்?"

"அப்படி நடக்காதுன்னு நெனச்சேன்."

பொன்னுத்துரை நோட்டை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். பிறகு பெருவிரல் நகத்தால் அந்த வெள்ளையைச் சுரண்டத் தொடங்கினார். தேயிலைத் தண்டில் படிந்த பாசியை எடுப்பதுபோல, தாள் கிழியாமல், மெல்ல. தேயிலைச் சாறு ஏறிக் கறுத்த தடித்த நகம். வெள்ளை பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடியில் நீல மை தெரிந்தது. சாய்வான எழுத்து, கொம்பை நீளமாக இழுக்கும் பழக்கம்.

"கண்ணாடி கொண்டாரல. படிங்க."

விமல் குனிந்தான். முதலில் மனசுக்குள் படித்தான்.

"படிங்க மாப்ள."

"'ஒன்று விழுந்தால் பாலம் கிடைக்காது. படைத்தலைவரைத் திட்டக் கூடாது.'"



"யாரு படைத்தலைவரு?"

"நான்தாங்க. ஆடும்போது அப்படித்தான் கூப்புடுவா."

பொன்னுத்துரை தலையை ஆட்டினார். நோட்டை மூடப் போனவர் மூடாமல், மறுபடி அந்த வரியின் மேல் கையை வைத்துத் துகளைத் துடைத்தார்.

"சின்னதுலயும் இப்பிடித்தான்," என்றார். "பல்லாங்குழில தோத்தா, தோத்தவனுக்குத்தான் மொதல்ல டீ குடுக்கணும்னு நிப்பா."

விமலுக்கு அது தெரியாது. இரண்டு மழைக்காலத்தில் அவள் அதைச் சொல்லவில்லை. தோற்ற நாட்களில் அவன் முன்னால் டீ வந்தது மட்டும் தெரியும்.

மேட்டில் ஜீப் ஒன்று கியர் மாற்றி ஏறும் சத்தம் கேட்டது.

"கோடி வந்துருச்சு!" என்று அத்தை குரல் கொடுத்தாள்.

பொன்னுத்துரை கட்டில் சட்டத்தில் கையை ஊன்றி எழப் பார்த்தார். விமல் கையை நீட்டினான். அவர் பிடித்துக்கொண்டார். எழுந்து நின்ற பிறகும் விடவில்லை.

"வாங்க மாப்ள."

கமலேஷ் நனைந்த சட்டையோடு சேலையைப் பிரித்துக் கொடுத்தான். அரக்கு நிறம். பெண்கள் போர்த்தினார்கள். வாய்க்கரிசித் தட்டு வந்தது. விமலும் மாமனாரும் அடுத்தடுத்து நின்றார்கள். அவர் மூன்று விரலால் அரிசியை அள்ளினார். பெருவிரல் நக ஓரத்தில் அந்த வெள்ளை இன்னும் ஒட்டியிருந்தது. பார்த்தவர்கள் அரிசி மாவு என்று நினைத்திருப்பார்கள்.