அழகரைப் பார்க்காத அன்னக்கொடி

அன்னக்கொடி வீட்டுக்குத் தூரம் என்ற செய்தி கோச்சடையின் அந்தத் தெரு முழுக்கப் பரவ, அடிகுழாயில் ஒரு குடம் நிறைகிற நேரம்தான் ஆனது. அதுவும் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முதல் நாள். வருஷம் பூராவும் காத்திருந்து, சரியாக அன்றைக்குக் கொல்லையில் ஒதுங்கி உட்காருவதென்றால் எவளுக்கும் வயிறு எரியும். தெருவே பாவப்பட்டது. பக்கத்து வீட்டுச் சீனியம்மாள் மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே பாவப்பட்டாள்.

எந்த வீட்டுப் பெண் எந்த மூன்று நாள் குழாயடிக்கு வரவில்லை என்பது சீனியம்மாளுக்கு அத்துபடி. போன வாரம் நாலு பேர் முன்னால் கேட்டேவிட்டாள்: "ஏத்தா அன்னக்கொடி, போன மாசம் ஒருநாள் விடாம தண்ணிக்கு வந்தியே, ஒனக்கு லீவே கெடையாதா?"

எல்லாரும் சிரித்தார்கள். அன்னக்கொடியும் சிரித்து வைத்தாள். கையிலிருந்த சிவப்பு வாளியைக் குழாய்க்கு அடியில் தள்ளினாள்.

அந்த வாளியின் கதை தெருவுக்கே தெரியும். தை மாசக் கடைசியில் அவள் புருஷன் சுருளி, மூன்று பிள்ளை போதுமென்று மில்லில் நடந்த முகாமில் ஆபரேஷன் செய்துகொண்டான். பரிசாகக் கிடைத்ததுதான் வாளி. காலை அகட்டி அகட்டி அவன் நடந்து வந்ததை ஜன்னலுக்கு ஜன்னல் நின்று பார்த்தார்கள். ஆக, இனி அவள் வயிறு பெருத்தால் தெரு ஒரே ஒரு கேள்விதான் கேட்கும். பதிலையும் அதுவே சொல்லிக்கொள்ளும்.

நாள் தள்ளி மூன்று வாரம் ஆகியிருந்தது. அதனால்தான் அன்னக்கொடி பொய்யாக ஒதுங்கினாள். அழகரைப் பார்ப்பதை விட்டுவிட்டு எவளும் இந்தப் பொய்யைச் சொல்ல மாட்டாள், ஆகவே எல்லாரும் நம்புவார்கள் என்பது அவள் கணக்கு. சுத்தமான பழந்துணியை நனைத்து, சீனியம்மாள் சுவருக்கு நேராகவே கொடியில் காயப்போட்டாள். மறுநாள் விடியலில் ஊரே ஆற்றுக்குப் போக, துவைகல் பக்கத்தில் தனித்தட்டோடு உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் வேட்டுச் சத்தம் கேட்கக் கேட்க உடம்பு கூசியது. மனுசருக்குச் சொன்ன பொய் போதாதென்று, சாமிக்கும் அல்லவா சொல்லியாயிற்று.

தலைக்கு ஊற்றிய அன்று, கடுகு தாளிக்கிற வாசனைக்கே குமட்டிக்கொண்டு வந்தது. மூன்று நாள் பொறுத்து, வளையல் வாங்கப் போவதாகச் சொல்லி டவுன் பஸ் ஏறி, குடும்பநல நிலையத்துக்குப் போனாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, ஐம்பது நாளுக்கு மேலிருக்கும் என்றார். நர்ஸ் மெஹருன்னிசாதான் அவளை ஓரமாக உட்கார வைத்துப் பேசினாள்.

"ஆபரேஷனுக்கப்புறம் மூணு மாசம் உறை போடணும்னு பொட்டலம் குடுத்திருப்பாங்களே. என்ன பண்ணாரு?"

"ஆபரேஷன் பண்ணவனுக்கு இது எதுக்குன்னு, கூட வேலை பாக்குற பால்பாண்டி அண்ணனுக்குக் குடுத்துட்டாரு."

மெஹருன்னிசாவுக்குச் சிரிப்பு வந்தது. அன்னக்கொடியின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். "மேல வால்வை மூடுனாலும், குழாய்க்குள்ள நிக்கிற தண்ணி வந்துதானம்மா தீரும். அவரைக் கூட்டியா, விந்தைச் சோதிச்சா தெரிஞ்சுபோகும். வேணாம்னா கலைக்கவும் இப்ப சட்டம் இருக்கு. ஆனா சீக்கிரம் வா. மூணு மாசம் முடியப்போகுது, சுத்தமாயிருச்சுன்னா சோதனையில ஒண்ணும் தெரியாது."

பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கடைசி வார்த்தைதான் திரும்பத் திரும்ப அவள் காதில் விழுந்தது. ஒருவேளை இதற்குள்ளேயே சுத்தமாகியிருந்தால்?

ஷிப்ட் முடிந்து வந்த சுருளி சோற்றில் கை வைத்ததும் சொன்னாள். "ஏங்க, எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கு. ஐம்பது நாளாம்."

"போன வாரம்தான ஒதுங்கி உக்காந்த?"

"அது பொய்யிங்க."

"அழகரு எறங்குற அன்னைக்கா? எவளாச்சும் பொய்யி சொல்லி உக்காருவாளா?"

தெருவுக்கென்று அவள் விரித்த வலை அவள் காலிலேயே சுற்றியது. சுருளி கத்தியிருந்தால்கூடத் தேவலை. தட்டிலேயே கை கழுவினான். நர்ஸ் சொன்னதை அவள் சொல்லி முடித்த பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "சோதிச்சு, இல்லைன்னு வந்துட்டா?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள்.

மறுநாள் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு அவளோடு நிலையத்துக்கு வந்தான். அவனை உள்ளே அழைத்துப் போனார்கள். வெளியே பெஞ்சில் அன்னக்கொடி தாலியைக் கைக்குள் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழகரை வேண்டிக்கொள்ளவும் வாய் வரவில்லை, எந்த முகத்தோடு வேண்டுவது. வெகுநேரம் கழித்து வெளியே வந்த சுருளி, "போவோம்" என்றான். பஸ்ஸில் முன்சீட்டில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டான். அவன் பிடரியைப் பார்த்தபடியே கோச்சடை வரைக்கும் வந்தாள். பிடரியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் சிவப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். அந்தத் தெருவில் ஆம்பளை தண்ணீர் தூக்கிப் பார்த்தவர் கிடையாது. குழாயடியில் பேச்சு நின்றது. அன்னக்கொடி கதவுக்குப் பின்னால் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏப்பா சுருளி, வீட்டுல ஆளு இல்லையா?" சீனியம்மாளின் குரல்.

"இருக்கா அத்தே. உண்டாயிருக்கா, கனம் தூக்கக் கூடாதாம்."

"ஒனக்குத்தான் ஆபரேஷன்..."

"பண்ணுனதுதான். மூணு மாசம் பொறுக்கணுமாம், நமக்கு அந்தப் புத்தி இல்ல. குடுத்த பொட்டலத்தப் பால்பாண்டிட்ட குடுத்துட்டேன். இன்னும் சுத்தமாகலைன்னு பூதக்கண்ணாடியில பாத்துச் சொல்லிட்டாக. வேணும்னா நீங்களும் போயி ஒரு எட்டு பாத்துட்டு வாங்க."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு அடிகுழாய்க் கைப்பிடி கிரீச் கிரீச்சென்று ஏறி இறங்கும் சத்தம். பழக்கமில்லாத கை, தாறுமாறாக அடித்தது.

அன்னக்கொடி அப்போதுதான் நிலையை விட்டாள். வாசல்படியிலேயே உட்கார்ந்தாள். பிள்ளையை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை இனிமேல்தான் இரண்டு பேரும் பேச வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. எழுந்து கொல்லைக்குப் போய், ஒரு வாரமாகக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்த அந்தப் பழந்துணியை உருவினாள். வெயிலில் மொடமொடவென்று காய்ந்திருந்தது. அடுத்த வருஷம் அழகர் முன்னால் போய் நின்று என்ன சொல்வதென்று யோசித்தபடியே, அதை நாலாக மடித்தாள்.