அறுபத்திரண்டு படங்கள்

ஜேசுதாசின் ஸ்டுடியோ மணவாளக்குறிச்சி சந்திப்பில், கடலிலிருந்து தள்ளி இருந்ததால் சுனாமியில் தப்பியது. ஜனவரி பிறந்ததுமே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வீட்டோடு ஆல்பமும் போனவர்கள். இறந்தவரின் படம் ஒன்று வேண்டும். நிவாரண விண்ணப்பத்தில் ஒட்ட, இல்லையென்றால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க. ஜேசுதாஸ் டிஜிட்டல் கேமராவுக்கு மாறி ஒரு வருடம் ஆகியிருந்தது. நெகட்டிவ் கிடையாது. எடுத்ததெல்லாம் கடையிலிருந்த பழைய கம்ப்யூட்டருக்குள்தான் கிடந்தது.

அது ஒரு படத்தைத் திறக்க ஐந்து நிமிடம் எடுத்தது. பெஞ்சில் ஆட்கள் பேசாமல் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. நாகர்கோவிலுக்குப் போய், வேகம் கூட்ட, யாரோ கழற்றி விற்ற மெமரி ரேம் ஒன்றை வாங்கி வந்தார். தானே பெட்டியைத் திறந்து பழைய ரேமுக்குப் பக்கத்தில் செருகினார். மறுநாள் காலை முழுவதும் கம்ப்யூட்டர் நன்றாக ஓடியது. பதினோரு பேருக்குப் படம் கொடுத்தார். மதியம் திரை நீலமாகிக் கம்ப்யூட்டர் நின்றது.

அன்று மாலைதான் கபிரியேல் வந்தார். கரையில் வள்ளம் வைத்திருந்தவர். அலை வந்த காலையில் குழித்துறையில் ஒரு கூட்டாளி வீட்டில் இருந்ததால் அவர் மட்டும் மிஞ்சினார். மனைவி கிளாராவும் நான்கு மாதக் குழந்தை ஷிஜியும் கிடைக்கவில்லை. கல்யாண ஆல்பம் வீட்டோடு போயிருந்தது. அதை எடுத்த கடையும் கரையோரம் இருந்த கடைதான். நவம்பரில் ஷிஜிக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஜேசுதாஸ் அறுபத்திரண்டு படங்கள் எடுத்திருந்தார். எதைப் பிரிண்ட் போடுவது என்று பார்க்கக் கிளாரா கிறிஸ்துமஸ் முடிந்து வருவதாகச் சொல்லியிருந்தாள்.

"அண்ணே, கண்ண மூடினா அவளுக்க மொகம் வரமாட்டேங்குது. தண்ணிதான் வருது. ஒருக்கா காட்டுங்க."

"மெஷின் கொஞ்சம் மக்கர் பண்ணுது மக்கா. நாளைக்கு வா."

மறுநாளும் திரை நீலமாகியது; வந்த கபிரியேலை, சரியானதும் சொல்லி அனுப்புவதாகத் திருப்பி அனுப்பினார். ரேமைக் கழற்றி, முனைகளை ரப்பரால் தேய்த்து மாட்டினார். இடம் மாற்றி மாட்டினார். சில நேரம் அரை மணி ஓடும், சில நேரம் இரண்டு நிமிடம்கூட ஓடாது. விண்டோஸ்தான் கெட்டுவிட்டது, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்று முடிவுக்கு வந்தார். அதற்கு முன்னால் படங்களையெல்லாம் சிடியில் ஏற்றினார். நடுவில் நிற்கும், மறுபடி தொடங்குவார். இரண்டு நாளில் பதினான்கு சிடி ஆயிற்று. கடைசி சிடியில் ஒரு படத்தைத் திறந்து பார்த்தார். தெளிவாக இருந்தது. அந்த நம்பிக்கையில் ஹார்ட் டிஸ்கை அழித்தார்.

புதிய விண்டோஸிலும் நீலம் வந்தது.

கடைசியில் குழித்துறையிலிருந்து மெக்கானிக் பிரபினைக் கூப்பிட்டார். பிரபின் வந்து புது ரேமை மட்டும் உருவி எடுத்துவிட்டு ஓடவிட்டான். ஒரு மணி நேரம் ஒரு குறையும் இல்லை.

"இதுதான் கேடு. வேற ஒண்ணுமில்ல," என்றான். பிறகு மேசையிலிருந்த சிடிகளைப் பார்த்தான். "இது எப்பம் எழுதினது?"

"அழிக்கதுக்கு முன்னால."

"இந்த ரேம் உள்ள கெடக்கும்போளா?"

"ஆமா."

பிரபின் ஒரு சிடியை எடுத்து டிரைவில் போட்டான். "எல்லாத்தையும் தொறந்து பாத்துரும் அண்ணே," என்றான்.

பாதிக்கு மேல் திறக்கவில்லை. திறந்தவற்றில் பல, மேலே கொஞ்சம் தெரிந்து அதற்குக் கீழே சாம்பல் நிறமாக இருந்தன. சிடிக்குப் போகும் வழியில் அந்தக் கெட்ட ரேமில் தங்கிய படங்களெல்லாம் சிதைந்திருந்தன. ஞானஸ்நானப் படங்களில் ஒன்பது மிஞ்சின. பாதிரியார், விருந்துப் பந்தி, வாசலில் நின்ற உறவினர்கள்; கிளாராவும் ஷிஜியும் ஒன்றிலும் இல்லை. ஹார்ட் டிஸ்கைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனார். மேலேயே புதிதாக எழுதிவிட்டதால் ஒன்றும் எடுக்க முடியாது என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

கபிரியேல் மறுபடி வந்தபோது ஜேசுதாஸ் ஒளிக்கவில்லை.

"கடலு விட்டு வச்சத நான் போக்கிட்டேன் மக்கா. அவசரப்பட்டு அழிச்சிட்டேன்."

கபிரியேல் கோபப்படவில்லை. "இருக்கதக் காட்டுங்க," என்றார்.

ஒன்பதையும் பார்த்தார். பிறகு சாம்பலானவற்றை. ஒரு படத்தில் தேவாலயத்தின் கூரை விட்டம், அதற்குக் கீழே கிளாராவின் வகிடு, நெற்றி. புருவத்தோடு படம் நின்றுவிட்டது. கபிரியேல் திரையருகே குனிந்தார்.

"நெத்தியில தழும்பு. சின்னதுல விழுந்தது. இதக்கூட நான் மறந்துட்டேன் பாத்தியளா."

நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பாமலே கேட்டார்:

"அண்ணே, நீங்க அவள நேரா நிறுத்தித்தானே எடுத்திய. இதுக்கு கீழ எப்பிடி இருந்துன்னு சொல்லுங்க."

ஜேசுதாஸ் யோசித்தார். தாடையைக் கொஞ்சம் தூக்கும்மா என்று அவளிடம் சொல்லியிருப்பார்; எல்லோரிடமும் அவர் சொல்வது அது. அந்த மாதம் மட்டும் எத்தனை ஞானஸ்நானம், எத்தனை கல்யாணம். கேமராவின் கண்ணாடி வழியே பார்த்த எந்தப் பெண்ணின் முகமும் தனியாக வரவில்லை.

"நல்ல சிரிச்ச மொகம்," என்றார்.

கபிரியேல் அவரைப் பார்த்தார். "இல்ல அண்ணே. அவ படத்துக்கு சிரிக்கமாட்டா," என்றார். அந்த நெற்றியைப் பிரிண்ட் போட்டுத் தரவா என்று ஜேசுதாஸ் கேட்டபோது எழுந்து வெளியே போனார்.