தள்ளிவைத்த தவணை

கண்ணாயிரம் நீட்டிய துண்டுச்சீட்டைப் படித்து முடித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. கெஞ்சுவது, மிரட்டுவது, பாதியில் எழுந்து போவதுபோல் நடிப்பது என்று எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தேன். எதற்கும் வேலை வைக்காமல் எதிராளி தானாகவே வந்து கையில் மாட்டிக்கொண்டான். சீட்டில் மீதித் தவணைகளுக்குக் கீழே மூன்று உருப்படிகள் புதிதாக முளைத்திருந்தன. கெடுவுக்கு முன்னால் கணக்கை முடிப்பதற்கு ஒரு தொகை. காரைப் பார்த்து வர ஆள் அனுப்பியதற்கு ஒரு தொகை. ஆவணி மாதத் தவணையைக் கேட்டுக்கொண்டபடி தள்ளிவைத்ததற்கு ஒரு தொகை. கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற என் தங்கை சரசுவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தவணை கட்ட வேண்டிய அவள் புருஷன் சகாதேவன் ஆடியிலேயே செத்துப்போயிருந்தான்.

அது எழுபத்தொன்பதாம் வருஷம், ஐப்பசி. சகாதேவன் வாடகைக்கு ஓட்டுவதற்காக ஒரு பழைய அம்பாசிடர் வாங்கியிருந்தான். முன்பணத்துக்குச் சரசுவின் பெயரில் இருந்த கிணற்று நிலத்தைப் போக்கியத்துக்கு விட்டான். மீதிக்குத் தேரடி வீதியில் பாத்திரக்கடை மாடியில் ஃபைனான்ஸ் நடத்தும் கண்ணாயிரத்திடம் தவணை. ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களை மெட்ராஸுக்குக் கொண்டுபோய் விடுவான், கூட்டி வருவான். அப்படி ஒரு நாள் சவாரிக்காகப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தவன், ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தபடியே போய்விட்டான். தூங்குகிறான் என்று சவாரி சொல்லியிருந்த வெள்ளைக்காரி வெகுநேரம் எழுப்பாமல் காத்திருந்தாளாம்.

அன்றிலிருந்து கார் அடி அண்ணாமலையில் சரசு வீட்டு வாசலில் நின்றது. கீழ்பென்னாத்தூரில் நான் எடை போடும் மண்டிக்கு வேன் ஓட்டும் ராமதாஸ் அதை வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டான். பாக்கி இல்லை என்று ஃபைனான்ஸில் கடிதம் எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். ராமதாஸ் கொடுத்த முன்பணத்தில் தவணைகளை ஒரேயடியாக முடித்துவிட்டு, மிச்சத்தில் நிலத்தை மீட்டு, விதைக்கடலை வாங்கி மார்கழிப் பட்டத்துக்கு மல்லாட்டை போட்டுவிட்டால் சரசுவும் அவள் மகள் வேதாவும் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். இந்தப் பட்டம் தவறினால் போக்கியக்காரன் நிலத்தைக் கிரயமே எழுதித் தரச் சொல்லி நெருக்குவான். சீட்டில் முளைத்திருந்த மூன்று தொகைகளும் சேர்ந்து சரியாக அந்த மீட்புப் பணத்தில் கையை வைத்தன.

ஆகவே நான் நிதானமாகவே கேட்டேன். "எங்க மாப்பிள்ளை ஆடியிலயே செத்துட்டாருங்க. ஆவணித் தவணைய யாரு வந்து தள்ளி வைக்கச் சொன்னது?"

கண்ணாயிரம் கணக்குப்பிள்ளை சாம்பமூர்த்தியைப் பார்த்தார். இந்தச் சாம்பமூர்த்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குருக்கள் வீட்டுப் பிள்ளை. காலையில் அண்ணாமலையார் கோயிலில் பூஜை முறை, பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு ஃபைனான்ஸில் கணக்கு. தப்பாக வாங்கிய நாலணாவைத் திருப்பிக் கொடுக்க வேங்கிக்கால் வரை நடந்து போனவர் என்று ஊரே சொல்லும். எனக்குக் கோயிலும் கிடையாது, குளமும் கிடையாது. சின்ன வயதிலேயே கறுப்புச்சட்டைக்காரர்களோடு சுற்றி, தீபத்தன்று ஊர் முழுக்க மலையைப் பார்த்துக் கும்பிடும்போது நான் மட்டும் முறுக்கு தின்றுகொண்டு நிற்கிற ஜாதி. ஆனாலும் அந்த மனுஷன் பொய் சொல்ல மாட்டார் என்று எனக்கும் தெரியும். அதுதான் எரிச்சலாக இருந்தது.

"அவரேதான் வந்து கேட்டார்" என்றார் சாம்பமூர்த்தி.

தேதியைக் குழப்பிக்கொண்டிருப்பீர்கள் என்றேன். இல்லை, விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள், தனக்குத் தொண்டை கட்டியிருந்தது, நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றார். சகாதேவனுக்கு அண்ணன் தம்பி யாராவது இருப்பார்கள், ஜாடையில் ஏமாந்திருப்பீர்கள் என்றேன். அவனுக்கு அண்ணனும் கிடையாது தம்பியும் கிடையாது என்பது எனக்கே தெரியும். சாம்பமூர்த்தி என்னிடம் சண்டைக்கு வரவில்லை. தன்னிடமே சொல்லிப் பார்த்துக்கொள்கிறவர்போல மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனார். மாடிப்படியில் சத்தம் கேட்கவில்லையாம். நிமிர்ந்து பார்த்தபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்தானாம். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தும் சட்டை வியர்த்து முதுகோடு ஒட்டியிருந்ததாம். தண்ணீர் கொடுத்ததற்குத் தம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டானே தவிர குடிக்கவில்லையாம். ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும், வீட்டுக்கு ஆள் அனுப்பக் கூடாது, சரசு பயந்துவிடுவாள் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னானாம். புரட்டாசியில் ஆள் போய்த் திரும்பி வந்து சொன்ன பிறகுதான் செத்த விஷயமே இவர்களுக்குத் தெரியும்.

"ஒரு கால்லதான் செருப்பு இருந்தது" என்றார் சாம்பமூர்த்தி. "அறுந்துபோயிடுத்தான்னு கேட்டேன். வண்டியிலேர்ந்து எறக்கறச்சே விழுந்துடுத்துன்னார்."

புளியமரத்தடியில் சகாதேவனைக் காரிலிருந்து தூக்கியவர்களில் நானும் ஒருவன். தூக்கிய வேகத்தில் ஒரு செருப்பு எங்கேயோ கழன்று விழுந்து, தேடியும் கிடைக்கவில்லை. காலில் மிச்சமிருந்ததைச் சரசு பார்த்தால் தாங்கமாட்டாள் என்று நான்தான் கழற்றி வழியில் ஓடையில் வீசினேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. பெஞ்சுக்கு இந்தப் பக்கம் தள்ளி நின்றுகொண்டேன். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்தும்தான்.

சரசு அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள்.

"சாப்பிட்டாரான்னு கேட்டீங்களா சாமி?"

கேட்கவில்லை என்று சாம்பமூர்த்தி தலையை மட்டும் ஆட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

கண்ணாயிரத்துக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, வியாபாரி. தவணை தவறினால் பத்து நாளில் வண்டியைத் தூக்கிவிடுவது அவர் வழக்கம். யாரும் வந்து கேட்காமலா ஆவணி முழுக்க வண்டி உங்கள் வாசலில் நின்றது என்று என்னைத் திருப்பிக் கேட்டார். ஆனால் அவருக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. செத்தவன் வந்து உட்கார்ந்த கடை என்று பெயர் கிளம்பினால் அப்புறம் அந்தப் படியில் யார் ஏறுவார்கள்? கொஞ்ச நேரம் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தவர் ஒரு வழி சொன்னார். கோபுர வாசலில் சரசு சூடம் ஏற்றி, தன் புருஷன் ஆவணியில் இந்தக் கடைக்கு வரவில்லை என்று சத்தியமாகச் சொல்லிக் கையால் அணைத்துவிடட்டும். மூன்று உருப்படியையும் அடித்துவிட்டு, கடிதத்தை இன்றைக்கே கொடுத்துவிடுகிறேன்.

"அந்தம்மா அணைச்சிட்டா அதோட முடிஞ்சிது. ஐயரும் அப்புறம் இதப் பத்திப் பேசமாட்டாரு" என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சூடமாவது சத்தியமாவது, ஒரு நிமிஷ வேலை. செத்தவன் வரமாட்டான் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும், உண்மையைச் சொல்லி அணைக்க என்ன யோசனை? அப்படித்தான் படி இறங்கும்போது சரசுவிடம் பேசிக்கொண்டே வந்தேன். செருப்பை மட்டும் நினைக்காமல் இருப்பதற்காகக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே பேசினேன். வெளியே மழை விட்டிருந்தது. மலையின் பாதிக்குமேல் மேகம் மூடி, உச்சியே இல்லாத மலைபோல நின்றது. தேரடி வீதியில் சாணமும் பூவும் மழைத்தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. கண்ணாயிரம் முன்னால் குடையை ஊன்றிக்கொண்டு நடக்க, சாம்பமூர்த்தி சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார்.

ராஜகோபுரத்து வாசலில், சூடம் ஏற்றி ஏற்றிக் கறுத்துப்போன ஒரு கல் உண்டு. அதற்குப் பத்தடி முன்னால் சரசு நின்றுவிட்டாள். நான் இரண்டு தடவை கூப்பிட்டும் வரவில்லை. கிட்டே போனேன்.

"எங்கிட்ட வரலண்ணா" என்றாள். "தெனம் வாசக்கதவத் தாழ் போடாமலேதான் படுக்கிறேன். வேதாவ மாத்தி மாத்திக் கேக்கிறேன், கனவுலயாவது வந்தாராடின்னு. ஒரு நாளும் வரல. செத்தும் தவணைக்குத்தான் வந்து நின்னிருக்காரு, அதுவும் நான் பயந்துடுவேன்னு. அதையும் வரலன்னு நானே அணைக்கணுமா?"

நிலம் போய்விடுமே என்றேன். தெரியும் என்றாள். வேதாவை நினைத்துப் பார் என்றேன். நினைத்துத்தான் சொல்கிறேன் என்றாள். அவள் பிடிவாதம் எனக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம், கன்னத்தில் அறைந்தாலும் அசையமாட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அதற்கும் கீழே வேறு ஒன்றும் வந்தது. இத்தனை மாதம் கதவைத் தாழ் போடாமல் படுத்தவளை ஒரு நாளாவது எப்படி இருக்கிறாய் என்று உட்கார்ந்து கேட்டேனா? கார் விலை கேட்டேன், ஆர்.சி. புக்கைக் கேட்டேன். இதை நான் கேட்கவே இல்லை.

கூடப் பிறந்தவன் நான் அணைத்தால் செல்லுமா என்று கண்ணாயிரத்திடம் கேட்டேன். யாரோ ஒருவர் அணைத்தால் சரி என்று முடித்துக்கொள்ளும் அவசரத்தில் இருந்தார் அவர். சாம்பமூர்த்தி மட்டும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். இவன் அணைத்து என்ன ஆகப் போகிறது என்று நினைத்திருக்கலாம். ஆனாலும் கல்லைத் துண்டால் துடைத்து, சூடத்தை வைத்துப் பற்றவைத்தார்.

மழை விட்ட நேரத்துக்குக் காற்றே இல்லை. சுடர் ஒரு சாண் உயரத்துக்கு நேராக நின்று எரிந்தது. என் மாப்பிள்ளை சகாதேவன் ஆவணி மாதம் இவர் கடைக்கு வரவில்லை, இது சத்தியம் என்று சொன்னேன். குரல் என்னுடையதுபோலவே இல்லை. கையை நீட்டினேன். நீட்டிய கை பாதியில் நின்றது. நான் நிறுத்தவில்லை. கூட்டமான பஸ்ஸில் யாராவது நம்மைத் தாண்டி அவசரமாகக் கையை நீட்டினால் தோள் தானாக ஒதுங்கிக் கொடுக்குமே, அப்படி என் தோள் ஒதுங்கியது. பக்கத்தில் வியர்த்து நனைந்த சட்டையின் வாடை அடித்தது. சுடர் ஆடவில்லை. உள்ளங்கைக்குக் கீழே அகப்பட்டதுபோல அப்படியே தட்டையாக அமுங்கி, அணைந்தது. புகை மேலே எழும்பாமல், விரல் இடுக்குகளில் கசிவதுபோல நாலைந்து கீற்றாகப் பக்கவாட்டில் வந்தது. என் கை அதற்கு ஒரு முழம் மேலே அந்தரத்தில் இருந்தது.

"அணைச்சாச்சு, போதும்" என்று பெருமூச்சு விட்டார் கண்ணாயிரம். அவர் நின்ற இடத்திலிருந்து என் முதுகுதான் தெரிந்திருக்கும். கடிதத்தை எழுதி வைக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று குடையை வீசிக்கொண்டு கிளம்பிவிட்டார். சாம்பமூர்த்தி போகவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் உதடுகள் எதையோ முணுமுணுத்தன, எனக்குக் கேட்கவில்லை.

சரசு வந்து என் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். சூடத்தை அணைத்தவன் கையில் கரி ஒட்டாமல் இருக்காது. என் உள்ளங்கை காலையில் குளித்தபோது இருந்த மாதிரியே இருந்தது. அதன்மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு கல்லைப் பார்த்தாள்.

"நெலத்துக்காக அவரே வரலன்னு சொல்லிட்டாரா?" என்றாள்.

பகுத்தறிவெல்லாம் பேசிப் பழகிய வாய்க்கு அந்த ஒரு கேள்வியைத் தாண்ட முடியவில்லை. கடிதத்தை வாங்கி வருகிறேன், இங்கேயே இரு என்று மட்டும் சொன்னேன். அவள் கோபுர வாசல் படியில் ஓர் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்து முந்தானையை முழங்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தேரடி வரை போய்விட்டுத் திரும்பிப் பார்த்தேன். சாயங்கால பூஜைக்கு மணி அடித்து, வாசலில் கூட்டம் நெருக்கியது. தேங்காய்க்கூடைக்காரிகளும் கைக்குழந்தைக்காரர்களும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு உள்ளே ஏறினார்கள். அத்தனை நெரிசலிலும் அவர்கள் சரசுவையும், அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு வெறும் படியையும் விட்டு, சுற்றிக்கொண்டு போனார்கள்.