கோல் விட்ட ஏரம்பு

கீழைத்துறையில் மூன்று ஏரம்புகள் இருந்தார்கள். சங்கக்கடையில் நிறுத்துக் கொடுப்பவர் சங்கக்கடை ஏரம்பு. எந்த வீட்டு நிலையிலும் நெற்றியை இடிக்காமல் உள்ளே போகத் தெரியாதவர் நெட்டை ஏரம்பு. மூன்றாமவர் நம்முடைய ஆள், கோல் விட்ட ஏரம்பு.

அந்தப் பெயர் எண்பத்துமூன்றாம் ஆண்டுச் சித்திரையில் ஒட்டிக்கொண்டது. மேலைத்துறையோடு நடந்த வள்ளப் போட்டியில், எட்டுப் பேர் தண்டு வலிக்க, பின்பக்கம் இருந்து தகரத்தில் தாளம் அடித்தவர் ஏரம்பு. கரைக்குப் பத்துப் பாகத் தூரம்கூட இல்லை, வெற்றி கைக்குள் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வியர்த்த கையிலிருந்து கோல் வழுக்கிக் கடலில் விழுந்தது. தாளம் நின்றதும் தண்டோடு தண்டு முட்டி, வள்ளம் குறுக்கே திரும்பி நின்றது. மேலைத்துறைக்காரர் கும்மாளம் போட்டுக்கொண்டு முன்னே போனார்கள்.

தோற்றதைக்கூட அவர் மறந்திருப்பார். பெயர்தான் விடவில்லை. மகள் இராசமலரைப் பெண் கேட்டு வந்தவர்கள், "ஆரின்ரை பெட்டை? கோல் விட்டவரின்ரை மகளோ?" என்று முற்றத்திலேயே சிரித்துவிட்டார்கள். அன்று ஏரம்புவுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த போட்டியில் வென்று இந்தப் பெயரைக் கழுவ வேண்டும் என்று நினைத்தார். ஆனால் அந்த ஆடியிலேயே இனக்கலவரத்தில் நாடு பற்றி எரிந்தது, பிறகு கடலுக்கு இறங்கத் தடை வந்தது. நாலு வருசம் போட்டி என்ற பேச்சே இல்லை.

எண்பத்தேழு ஆவணியில் சமாதான ஒப்பந்தம் வந்து, கடலுக்கு இறங்கலாம் என்றார்கள். சனம் கரையில் நின்று சும்மா கடலைப் பார்த்தே சிரித்தது. அந்தக் கிழமையே விளையாட்டுக் கழகம் போட்டிக்கு நாள் குறித்தது. ஏரம்பு பாய்ந்து விழுந்து, "தகரம் நான்தான்!" என்றார். ஒருவரும் மறுக்கவில்லை. சிலர் மீசைக்குள் சிரித்தார்கள்.

சுக்கான் பிடிக்க ஆழ்வாப்பிள்ளை வந்தார். பதினெட்டு வருசம் கப்பலில் இருந்துவிட்டு வந்தவர். அத்தனை துறைமுகம் பார்த்த மனிதர் ஊருக்குக் கொண்டுவந்தது ஒரு கைக்கடிகாரமும் "பீற்" என்ற ஓர் இங்கிலீசுச் சொல்லும்தான். தகரத்தில் அடிக்கும் தாளமும் பீற். மேலைத்துறையை வெல்வதும் பீற். முட்டை அடிப்பதும், நெஞ்சு துடிப்பதும், அலை வள்ளத்தில் மோதுவதும் அவருக்கு அதே பீற். ஒரு சொல்லை இப்படி மாடாய் உழைக்க வைத்த மனிதரைக் கீழைத்துறை அதற்கு முன் கண்டதில்லை.

"ஐசே ஏரம்பு, நிமிசத்துக்கு நாப்பது பீற். ஒண்டும் குறையக்கூடாது" என்று கடிகாரத்தை நீட்டினார்.

பயிற்சி சரிவரவில்லை. தடை இருந்த காலம் முழுக்க அந்த எட்டுப் பேரும் கரையில் நின்று கரைவலைதான் இழுத்தார்கள். நீளமாய் ஓர் இழுப்பு, ஒரு மூச்சு, மறுபடி நீளமாய் ஓர் இழுப்பு. முதுகுக்கு அதுதான் பழகியிருந்தது. நாற்பதுக்கு அடித்தால் அரைவாசித் தண்டுகள் தண்ணீரைத் தொடாமலே திரும்பின. "ஆழ்வாரண்ணை, உது எங்களுக்கு ஒத்துவராது" என்றான் முன்தண்டுத் தம்பிராசா. "ஒத்துவரும், பீற்றை விடாதை" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

போட்டியன்று கரையில் கால் வைக்க இடமில்லை. ஒலிபெருக்கி அலறியது. ஏரம்புவின் மனைவி தங்கமுத்து வழியனுப்பும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "இஞ்சருங்கோ, கோலைக் கையோடை கட்டிக்கொண்டு போங்கோ." அவர் உண்மையாகவே ஒரு நூலால் கட்டிக்கொண்டார்.

வெடி வெடித்தது. இரண்டு வள்ளமும் பாய்ந்தன! கொடி நட்ட மிதவை வரைக்கும் சமன். மிதவையைச் சுற்றித் திரும்பியதும் மேலைத்துறை இளந்தாரிகள் அரை வள்ளம் முந்தினார்கள். அவர்களுடைய தகரமும் பக்கத்திலேயே டமடமவென்று அதிர்ந்தது. எது தங்கள் தகரம், எது அவர்களுடையது என்று எட்டுப் பேருக்கும் விளங்கவில்லை. தம்பிராசாவின் தண்டு பின்னவன் தண்டில் முட்டியது.

"பீற்! பீற்! எங்கையடா பீற்?" ஆழ்வாப்பிள்ளை காதுக்குள் கத்தினார்.

ஏரம்பு எட்டு முகங்களையும் பார்த்தார். அடித்தார், இன்னும் வேகமாய் அடித்தார். அடிக்க அடிக்கத் தண்டுகள் குழம்பின. எண்பத்துமூன்று கண் முன்னால் வந்து நின்றது. அப்போதுதான் கவனித்தார்: எல்லாருடைய தோள்களும் தகரத்தை விட்டுவிட்டு, தங்கள் பாட்டில் வலை இழுக்கும் கணக்குக்குப் போகப் பார்க்கின்றன. அவருடைய கோல்தான் அதைக் குழப்புகிறது.

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். கோலைத் தூக்கிக் கடலில் எறிந்தார். தகரமும் பின்னாலேயே போனது.

"ஐயோ, விட்டிட்டான்! திருப்பியும் விட்டிட்டான்!" கரையெல்லாம் ஒரே கூச்சல்.

ஏரம்பு எழுந்து நின்றார். குதிக்காலால் அடிப்பலகையில் ஓங்கி உதைத்தார். உதை பலகை வழியே ஓடி எட்டுப் பேருடைய இருக்கையிலும் ஏறியது. இதைக் காதால் கேட்கத் தேவையில்லை, பக்கத்து வள்ளம் கெடுக்கவும் முடியாது. வலை இழுக்கிறபோது போடுகிற நீட்டுக் குரலை எடுத்தார்.

"ஓ... வலி!"

உதை. எட்டுத் தண்டும் ஒன்றாய் இறங்கின. வள்ளம் வழுக்கிக்கொண்டு முன்னேறியது. ஒரு மூச்சு. மறுபடி உதை!

"உது என்ன பீற் ஐசே?"

"வலை வாற பீற் அண்ணை! சுக்கானைப் பிடியுங்கோ!"

தம்பிராசா சிரித்துக்கொண்டே வலித்தான். மேலைத்துறைக்காரர் இரண்டு தரம் வலிக்க இவர்கள் ஒரு தரம்தான் வலித்தார்கள், ஆனால் அந்த ஒன்றில் முழு முதுகும் இருந்தது. கால் வள்ளத் தூரத்தை எட்டிப் பிடித்தார்கள். சமன் வந்தார்கள். எதிர்த் தகரக்காரன் திரும்பிப் பார்த்து ஓர் அடியைத் தவறவிட்டான், அது போதும். கீழைத்துறை வள்ளத்தின் முன்மூக்கு முதலில் மணலில் ஏறியபோது ஏரம்பு குப்புற விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தார். குதிக்கால் வெடித்து இரத்தம் வந்திருந்தது, அது அவருக்குத் தெரியவே இல்லை. தங்கமுத்து சேலை நனைய ஓடி வந்தாள்.

பரிசு கொடுக்க ஒலிபெருக்கிக்காரத் தம்பி பெயர் கேட்டான்.

"ஏரம்பு."

"ஊரிலை மூண்டு ஏரம்பெல்லே, ஐயா. எந்த ஏரம்பு எண்டு சொல்ல?"

நாலு வருசம் அவருக்குப் பின்னால் சொன்ன பெயரை அவருக்கு முன்னால் சொல்ல எல்லாரும் கூசினார்கள். தங்கமுத்து தலையைக் குனிந்தாள். ஏரம்பு நொண்டிக்கொண்டு போய் ஒலிவாங்கியைத் தன் கையில் வாங்கினார்.

"கோல் விட்ட ஏரம்பு!" என்று மேலைத்துறை வரைக்கும் கேட்கக் கத்தினார்.